வாசலில் சொன்ன பதில்: வாசகர் கேள்வி-பதில்

2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்குகிறது. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கருத்துக்கணிப்பைப் பற்றியவை. பட்டா மாற்றம், பென்ஷன், பாலாற்று மணல் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் எழுதுகிறேன். இது எனக்கு நெருக்கமான விஷயம். கல்லூரி முடித்த கையோடு சில வருடங்கள் சர்வே படிவத்தை எடுத்துக்கொண்டு வடாற்காடு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். அரக்கோணத்தில் ரயிலேறி ஜோலார்பேட்டையில் இறங்கும் வரை நடுவில் இருக்கிற ஊர்களில் எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்தத் தெருவில் மோர் கொடுப்பார்கள் என்று அப்போது எனக்கு மனப்பாடம்.

மூன்று டிவியில் மூன்று விதமான எண்ணிக்கை சொல்கிறார்கள். ஒருவர் ஆளுங்கட்சி என்கிறார், ஒருவர் எதிர்க்கட்சி என்கிறார், ஒருவர் தொங்கு சட்டசபை என்கிறார். எதை நம்புவது? — ஓய்வு பெற்ற ஆசிரியர், காட்பாடி

ஐயா, நீங்கள் காட்பாடியிலிருந்து கேட்பதால் உங்கள் தொகுதியை வைத்தே சொல்கிறேன். 2021 தேர்தலில் அங்கே தி.மு.க.வின் துரைமுருகன் வாங்கியது 85,140 ஓட்டு. அ.தி.மு.க.வின் ராமு வாங்கியது 84,394. வித்தியாசம் 746. இரண்டு பேரும் வாங்கியதைக் கூட்டிப் பார்த்தால் அதில் அரை சதவீதம்கூட இல்லை. அன்றைக்கு ராத்திரி வரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

இப்போது டிவிக்காரர் "மாநிலம் முழுவதும் 10,000 பேரைக் கேட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறார் என்று வையுங்கள். 234 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு 43 பேர் வருவார்கள். காட்பாடியில் 43 பேரைக் கேட்டுவிட்டு அந்த 746 ஓட்டை எப்படிப் பிடிக்க முடியும்? முடியாது. அது அவர்களுக்கும் தெரியும். அதனால் தொகுதி தொகுதியாக அவர்கள் எண்ணுவதே இல்லை. மாநிலம் முழுக்க ஒவ்வொரு கட்சிக்கும் எத்தனை சதவீதம் என்று முதலில் பார்க்கிறார்கள். போன தேர்தலில் வாங்கிய சதவீதத்தோடு ஒப்பிட்டு, ஏறியதா இறங்கியதா என்று கணக்கெடுக்கிறார்கள். பிறகு அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் எல்லாத் தொகுதிக்கும் ஏறக்குறைய ஒரே அளவாகப் பரப்பி, யார் எங்கே ஜெயிப்பார் என்று போடுகிறார்கள். டிவியில் கொட்டை எழுத்தில் ஓடும் சீட்டு எண்ணிக்கை இப்படிக் கணக்குப் போட்டு வந்தது. யாரும் எந்த வாக்காளரிடமும் "எத்தனை சீட்டு" என்று கேட்டதில்லை.

ஆகவே சீட்டு எண்ணிக்கையை விட்டுவிட்டு சதவீதத்தைப் பாருங்கள். அதிலும் ஒரு விஷயம் உண்டு. 1,000 பேரை முறையாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டால், வருகிற சதவீதம் மேலேயோ கீழேயோ 3 வரை தள்ளிப்போகலாம். 4,000 பேரைக் கேட்டால் ஒன்றரை வரை. ஒரு கூட்டணி 38, இன்னொன்று 37 என்று சொன்னால் அதற்கு அர்த்தம் "எங்களுக்குத் தெரியவில்லை" என்பதுதான். அந்தத் தெரியவில்லையை அப்படியே சொல்கிற கணிப்பை நான் மதிப்பேன். எத்தனை பேரைக் கேட்டோம், எந்தத் தேதியில் கேட்டோம், நேரில் போனோமா போனில் கேட்டோமா, யார் செலவு செய்தார் என்ற நாலும் இல்லாத கணிப்பைப் பார்த்தால் சேனலை மாற்றிவிடுங்கள்.

காசு கொடுத்தால் வேண்டிய மாதிரி எழுதித் தருவார்கள் என்கிறார்களே, உண்மையா? — கைத்தறி நெசவாளர், குடியாத்தம்

காசு வாங்கிக்கொண்டு எண்ணை மாற்றியதை என் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முறை என்னவென்றால், வாக்காளர் பட்டியலில் முதல் பெயரைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து இத்தனை பெயருக்கு ஒருவர் என்று எண்ணிக் குறித்துக் கொடுப்பார்கள். குறித்த ஆளைத்தான் கேட்க வேண்டும். அவர் இல்லையென்றால் சாயந்திரம் போக வேண்டும், மறுநாளும் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வரக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். வைகாசி வெயிலில், வேலூர் வெயிலில், பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒரே ஆளைத் தேடி மூன்றாம் முறை நடந்து போய்ப் பாருங்கள். படிவத்துக்கு இத்தனை ரூபாய் என்றுதான் கூலி. ஆள் கிடைக்காத நடைக்குக் காசு கிடையாது.

ஒருமுறை கடைசி நாள், பள்ளிகொண்டா டீக்கடையில் எங்கள் மேற்பார்வையாளர் மீதிப் படிவங்களை எல்லோர் கையிலும் பிரித்துக் கொடுத்தார். "இன்னாம்மா, இத்தன நாளு சுத்தியாச்சு. அவங்க இன்னா சொல்வாங்கன்னு நமக்குத் தெரியாதா? நீங்களே போட்டுடுங்க, சாயந்திரம் கொரியர்ல போடணும்" என்றார். கூட இருந்தவர்கள் பென்சிலை எடுத்தார்கள். நான் எனக்கு வந்த பன்னிரண்டையும் வெறும் தாளாகவே திருப்பிக் கொடுத்தேன். பன்னிரண்டுக்கும் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆனால் அந்தப் பென்சில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மற்றவர்கள் நிரப்பிய படிவங்களுக்காகப் பட்டியலில் பெயர் குறித்திருந்தவர்கள் தங்களுக்குப் பதிலாக யாரோ டீக்கடையில் ஓட்டுப் போட்டது தெரியாமல் அன்றைக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

தம்பி, விலை போனதா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். வேலை நடந்ததா என்றும் கேளுங்கள். வீட்டுக்குப் போகாமலே நிரப்பிய படிவத்தில் ஊர் என்ன நினைக்கிறது என்பது வராது, டீக்கடையில் இருந்தவர் என்ன நினைத்தார் என்பதுதான் வரும்.

புதுக் கட்சிக்கு இத்தனை சதவீதம் என்று கணிப்பில் வருகிறது. அப்படியானால் எத்தனை எம்.எல்.ஏ. வருவார்கள்? — கல்லூரி மாணவி, ஆம்பூர்

முதல் முறை ஓட்டுப் போடப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய், வாழ்த்துகள்மா. இதற்கு நம் மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது.

2006-ல் விஜயகாந்தின் தே.மு.தி.க. முதல் முறையாகத் தனியாக நின்றது. மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. ஜெயித்தது ஒரே இடம், விருத்தாசலத்தில் அவர் மட்டும். ஐந்து வருடம் கழித்து 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் நின்றார். ஓட்டு சதவீதம் கொஞ்சம் குறைந்தே போனது, எட்டுக்குக் கீழே. ஆனால் சீட்டு 29. எதிர்க்கட்சித் தலைவராகவே ஆனார். 2021-ல் நாம் தமிழர் கட்சி ஆறரை சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஒரு சீட்டும் இல்லை. இன்னும் பின்னால் போனால் 1967. ஆட்சியை இழந்த காங்கிரசுக்கு 41 சதவீதம், சீட்டு 51. ஆட்சியைப் பிடித்த தி.மு.க.வுக்கு அதைவிட ஒரு துளி குறைவு, சீட்டு 137. கூட்டணி செய்த வேலை அது.

சில தொகுதிகளில் மட்டும் அடர்ந்து கிடக்கிற 8 சதவீதம் வேறு, மாநிலம் முழுக்கத் தூவிக் கிடக்கிற 8 சதவீதம் வேறு. விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் 2024 மக்களவைத் தேர்தலில் நிற்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் போன தேர்தல் கணக்கு என்று ஒன்றே அதற்குக் கிடையாது. ஏற்ற இறக்கத்தைப் பரப்புகிற முறையைப் பற்றி மேலே காட்பாடி ஐயாவுக்குச் சொன்னேன் அல்லவா, அந்த முறை இங்கே கையை விரித்துவிடும். இந்தக் கட்சிக்கு இத்தனை சீட்டு என்று இன்றைக்கு அடித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அது ஆசை, அல்லது பயம். எவ்வளவு ஓட்டு வாங்கும் என்பதோடு யாருடைய ஓட்டை வாங்கும் என்பதும் முக்கியம். அதைக் கேட்டு எழுதிய கணிப்பு இருந்தால் அதைத் தேடிப் படி.

2016-ல் எல்லாக் கணிப்பும் பொய்த்தது அல்லவா? — மளிகைக் கடைக்காரர், ராணிப்பேட்டை

எல்லாம் இல்லை அண்ணா. ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களைக் கேட்டு எடுத்த கணிப்புகளில் பல, தி.மு.க. என்றன. ஆக்சிஸ் மை இந்தியா என்ற கணிப்பு நிறுவனம் தி.மு.க. அணிக்கு 124 முதல் 140 வரை என்றது. சி-வோட்டர் என்ற இன்னொரு நிறுவனம் அ.தி.மு.க.வுக்கு 139 என்றது. அ.தி.மு.க. 134 இடம் பிடித்தது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஓட்டு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம். 2021-ல் ஆக்சிஸ் தி.மு.க. கூட்டணிக்கு 175-லிருந்து 195 என்றது, வந்தது 159. ஜெயித்தவர் சரி, அளவு தப்பு. ஒருமுறை சரியாகச் சொன்னவர் அடுத்த முறையும் சொல்வார் என்று பந்தயம் கட்டாதீர்கள். உங்கள் கடை வாசலில் பந்தயம் நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

2019-ல் தமிழ்நாடு முழுக்க ஒரே அலை, வேலூரில் மட்டும் ஏன் இழுபறி? எங்கள் ஊரை வைத்துப் பலவிதமாகப் பேசினார்கள். — வாசகர், வாணியம்பாடி

உங்கள் வருத்தம் புரிகிறது. எனக்கும் அந்த வருத்தம் உண்டு.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இளையவர்களுக்குத் தெரியாது. 2019 ஏப்ரல் 18 அன்று ஓட்டுப்பதிவு. இரண்டு நாள் முன்னால் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்துவிட்டார்கள். கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதுதான் காரணம். மக்களவைத் தேர்தலில் பணத்துக்காக ஒரு தொகுதியின் தேர்தலே ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. பிறகு ஆகஸ்ட் 5-ல் தேர்தல் நடந்தது. தி.மு.க.வின் கதிர் ஆனந்த், இரட்டை இலையில் நின்ற ஏ.சி.சண்முகத்தை 8,141 ஓட்டில் ஜெயித்தார்.

பக்கத்துத் தொகுதி அரக்கோணம். பாலாற்றுக்கு அந்தக் கரை காட்பாடி அதில்தான் வருகிறது. வேலூர் மாநகராட்சிக்கு வரி கட்டுகிற காட்பாடிக்காரர் எம்.பி.க்கு ஓட்டுப் போடுவது அரக்கோணத்துக்கு. அங்கே ஏப்ரலில் ஜெகத்ரட்சகன் ஜெயித்தது 3 லட்சத்து 28 ஆயிரம் ஓட்டுக்கு மேல். நாலு மாதம்கூட ஆகவில்லை, ஒரே பாலம், அந்தப் பக்கம் மூன்று லட்சம், இந்தப் பக்கம் எட்டாயிரம். வேட்பாளர் வேறு. எதிரணிக் கட்சி வேறு. மத்தியில் யார் ஆட்சி என்று மே மாதமே முடிந்துபோனது. இரண்டு கட்சியின் மொத்தப் படையும் ஒரே தொகுதியில் வந்து இறங்கியிருந்தது, கோட்டை வெளியில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. அதோடு ஓட்டுப்பதிவு நடந்த அதே ஆகஸ்ட் 5-ம் தேதிதான் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை ரத்து செய்யும் அறிவிப்பு வந்தது. முத்தலாக் மசோதா நிறைவேறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் இரட்டை இலை முந்தியது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உதயசூரியன் முந்தியது.

இதை வைத்து உங்கள் ஊரை ஒரு மதத்து ஓட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துப் பேசினார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் அது. அதே வாணியம்பாடி 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளரைத்தான் ஜெயிக்க வைத்தது. இரண்டு வருடத்துக்குள். தோல் ஷெட்டில் வேலை செய்கிறவர், ஷூ கம்பெனிக்கு ஷிப்டு போகிற பெண், கடை வைத்திருப்பவர் எல்லோரும் தனித்தனியாக யோசித்துத்தான் போடுகிறார்கள். ஊரே ஒரு பக்கம் என்று எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது அங்கே நாலு வீடு ஏற வேண்டும். ஏறினாலும் ஒரு சிக்கல், படிவம் தமிழில் மட்டும் இருக்கும். வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வீட்டுக்குள் உருது. குடியாத்தம் பக்கம் எத்தனையோ வீட்டில் தெலுங்கு. உருது தெரிந்த தோழி ஒருத்தி கூட வந்த நாளில் மட்டும்தான் எனக்கு உள்கூடம் வரை பெண்கள் பேசினார்கள். மற்ற நாளில் வாசலில் நின்ற ஆண் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தக் குறை என் படிவங்களிலும் உண்டு.

ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் "கடைசிக் கணிப்பு" என்று வருகிறதே? — சோளிங்கர் வாசகி

நம்பாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். ஓட்டுப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் டிவி போன்ற ஊடகங்களில் கணிப்பைக் காட்டச் சட்டத்தில் இடமில்லை. ஓட்டுப் போட்டு வந்தவர்களைக் கேட்டு எடுக்கும் கணிப்பை, கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும் வரை யாரும் வெளியிட முடியாது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பழைய வேலூர் மாவட்டத்தின் 13 தொகுதியில் யாருக்கு வாய்ப்பு? — சத்துவாச்சாரி வாசகர்

2019-ல் மூன்றாகப் பிரித்த பிறகு வேலூருக்கு 5, ராணிப்பேட்டைக்கு 4, திருப்பத்தூருக்கு 4. 2021-ல் இந்தப் பதின்மூன்றில் தி.மு.க. அணிக்கு 10, அ.தி.மு.க. அணிக்கு 3: அரக்கோணம், வாணியம்பாடி, கே.வி.குப்பம். பத்துக்கு மூன்று என்றால் பலமாகத்தான் தெரியும். ஆனால் காட்பாடி 746-ல் நின்றது. ஜோலார்பேட்டையில் அமைச்சராக இருந்த வீரமணி 1,091 ஓட்டில் தோற்றார். ஒரு ஊராட்சி மனசு மாறினால் போதும், இரண்டும் அந்தப் பக்கம் போயிருக்கும்.

இந்த முறை அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் 2025 ஏப்ரலில் மறுபடி சேர்ந்திருக்கின்றன. புதுக் கட்சி நிற்கிறது. வாக்காளர் பட்டியலே மாறியிருக்கிறது. தேர்தல் ஆணையம் வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்த்த தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. பழைய பட்டியலை வைத்து ஆள் தேடுகிற கணிப்பு எதுவானாலும் அங்கேயே சறுக்கும். என் கருத்தைக் கேட்டால், ஆயிரம் இரண்டாயிரத்தில் முடிந்த தொகுதிகளில் மூன்றாவதாக நிற்பவர் யாரிடமிருந்து பிய்த்துக்கொண்டு போகிறார் என்பதே முடிவைச் சொல்லும். மாநிலக் கணிப்பில் அது தெரியாது. காட்பாடியையும் ஜோலார்பேட்டையையும் எந்தப் பக்கமும் நான் எழுத மாட்டேன். சுற்றி வளைக்கவில்லை, இதுதான் என் பதில். உங்கள் பெயர் இறுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு கணிப்புக்காரரும் வந்ததில்லை. வந்தால் உண்மையைச் சொல்லலாமா? பயமாக இருக்காதா? — இல்லத்தரசி, பேரணாம்பட்டு

2021-ல் தமிழ்நாட்டில் வாக்காளர்கள் 6 கோடியே 28 லட்சம். பத்தாயிரம் பேரைக் கேட்கிறார்கள் என்றால் ஆறாயிரம் பேருக்கு மேல் விட்டு ஒருவர்தான். வராததில் வியப்பில்லை. வந்தால், அடையாள அட்டை கேளுங்கள். உங்கள் பெயர் பட்டியலில் குறித்திருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஆதார், போன் நம்பர், பேங்க் விவரம் கேட்டால் கதவைச் சாத்துங்கள். கணிப்புக்கு அதெல்லாம் தேவையே இல்லை.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். குடியாத்தத்தில் ஒரு மத்தியானம். சந்துக்குள் ஓட்டு வீடு. திண்ணையில் ஒரு அக்கா, மடியில் முறம், பீடி இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டே இருந்தார். கை நிற்கவே இல்லை. யாருக்கு ஓட்டு என்று வாயால் கேட்டேன். "எல்லாரும் நம்ம ஆளுங்கதானே பாப்பா" என்றார். உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் ஒரு கட்சியின் பெயரைச் சொல்லி "அதுக்குன்னு எழுதிக்க" என்று குரல் கொடுத்தார். அக்கா தலையாட்டினார்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சின்னங்கள் அச்சடித்த மாதிரிச் சீட்டு ஒன்றும், மேலே ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றும் கையில் இருக்கும். "வாயால சொல்ல வேணாம்க்கா. டிக் போட்டு மடிச்சு நீங்களே இதுல போட்டுடுங்க. நான் பாக்க மாட்டேன், வேற யாரும் பாக்க மாட்டாங்க" என்று நீட்டினேன்.

முதல் முறையாகக் கை நின்றது. முறத்தை இறக்கிக் கீழே வைத்தார். விரலில் ஒட்டியிருந்த தூளைப் புடவையில் துடைத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டார். நாலாக மடித்து, இன்னொரு மடிப்பும் மடித்து, பெட்டிக்குள் போட்டார்.

"எம் பேரு அதுல இல்லல்ல?"

"இல்லக்கா."

"செரி, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.